இரண்டு கூட்டாளிகள், ஒரே மெயில் பெட்டி

2001ஆம் வருடம், ஹைதராபாத்தில் மழைக்காலம். பேகம்பேட்டில் ஒரு தனியார் இணைய நிறுவனத்தில் வாடிக்கையாளர் புகார்ப் பிரிவில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். விமான நிலையம் பக்கத்திலேயே இருந்ததால், ஒவ்வொரு முறை விமானம் இறங்கும்போதும் போனில் பேசுவதை நிறுத்தி, சத்தம் போன பிறகுதான் தொடர வேண்டும். அடிக்கடி போன் செய்யும் வாடிக்கையாளர்கள் அதற்குப் பழகி, அவர்களே "விமானம் போகட்டும் மேடம்" என்பார்கள்.

அதற்கு முன் மதுரையில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் நான்கு வருடம் இருந்தேன். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு, தெலுங்கு எழுதத் தெரியாத எனக்குப் பத்திரிகை வேலை கிடைக்கவில்லை. இந்த வேலை கிடைத்தது. பழைய பழக்கம் மட்டும் என்னுடன் வந்தது. எந்தப் புகாராக இருந்தாலும் யார், எந்த நம்பர், எத்தனை மணி எத்தனை நிமிடம் எத்தனை நொடி என்று ஒரு நீளமான நோட்டில் கோடு போட்டு எழுதிவிடுவேன். அந்த நோட்டைப் பார்த்துத்தான் எங்கள் சர்வர் இன்ஜினீயர் எனக்குப் 'பேப்பர் மேடம்' என்று பெயர் வைத்திருந்தார். அவர் நெல்லூர்க்காரர், சென்னையில் படித்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், கிண்டல் அதைவிட நன்றாக வரும்.

அன்றைக்கு இணையம் என்றால் தொலைபேசி வழியாகத்தான். மோடம் கிரீச்சிட்டு நம்பரைச் சுழற்றும், இணைப்புக் கிடைத்தால் மெயில் நம் கம்ப்யூட்டருக்கு இறங்கும், இறங்கியது சர்வர் பெட்டியில் மிச்சமிருக்காது. ஓர் இணைப்புக்கு ஒரு மெயில் ஐடி. அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோருக்கும் அதே ஐடிதான். சின்னக் கம்பெனிகளிலும் அப்படியே. வணிக இணைப்பு வாங்கியவர்கள் ஒரே ஐடியில் இரண்டு இடங்களிலிருந்து நுழையலாம் என்று நாங்களே அனுமதி கொடுத்திருந்தோம்.

அந்த வருடம் கோடையில் வாடிக்கையாளர்கள் மளமளவென்று கூடினார்கள். அதுவரை எல்லா மெயிலையும் ஒரே சர்வர்தான் தாங்கிக்கொண்டிருந்தது. காலை பதினோரு மணிக்கு அது மூச்சுத் திணறும், புகார் போன்கள் வரிசையாக அடிக்கும். அதனால் இன்ஜினீயர் ஒரு புது ஏற்பாடு செய்தார். பின்னால் எல்லோருடைய மெயிலும் சேர்த்து வைக்க ஒரே பெரிய சேமிப்புப் பெட்டி. முன்னால் நான்கு சர்வர்கள். யார் உள்ளே வந்தாலும் நான்கில் எது சும்மா இருக்கிறதோ அது கவனித்துக்கொள்ளும். நான்கும் வலைப்பின்னல் வழியாக அந்த ஒரே சேமிப்பிலிருந்து எடுக்கும், அதிலேயே திரும்ப வைக்கும். நாளைக்கு இன்னும் கூட்டம் வந்தால் ஐந்தாவது சர்வரைச் சொருகினால் போதும். திறப்பு நாளன்று சேமிப்புப் பெட்டிக்குக் குங்குமம் வைத்தோம். சர்வர் அறைக்குள் தேங்காய்த் தண்ணீர் சிந்தக்கூடாது என்பதால் தேங்காயை மாடிப்படியில் உடைத்தார்கள். அதற்குப் பிறகு பதினோரு மணிப் புகார்கள் நின்றுபோயின. இன்ஜினீயர் இரண்டு வாரம் தரையில் கால் படாமல் நடந்தார்.

சனத்நகரிலிருந்து அந்த போன் வந்தது ஜூலை கடைசியில். பேசியவர் மருந்து மாத்திரை அச்சடிக்கும் இயந்திரங்களுக்கு உதிரிப் பாகங்கள் கடையும் பட்டறையை நடத்துபவர். மூன்று தலைமுறைக்கு முன் செகந்திராபாத்துக்கு வந்த தமிழ்க் குடும்பம். பேச்சில் ஊர் உருது கலந்திருக்கும்: 'ஏன்' என்பதற்குக் 'கைக்கு', 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ'.

"மேடம், மெயில் வந்துச்சு. பாதி இறங்கிச்சு, கட் ஆயிடுச்சு. மறுபடி போட்டா பெட்டி காலி. கைக்கு மேடம், ஏன் இப்படி ஆவுது? மூணாவது தபா இது."

எல்லா மெயிலும் போவதில்லையாம். "'ஹலோ, சௌக்கியமா'ங்கற மெயில் எல்லாம் கரெக்டா வருது. டிராயிங் வந்தா மட்டும் மாயம். வெளிநாட்டுப் பார்ட்டி அளவை மாத்தி புது டிராயிங் அனுப்பியிருக்கான், நாங்க பழைய அளவுல கடைஞ்சு அனுப்பிட்டோம். மொத்தத்தையும் திருப்பிட்டான்."

நான் பதிவைத் திறந்தேன். எங்கள் பிரிவுக்குத் தெரியும் பக்கத்தில் நான்கு தகவல்கள் இருக்கும்: எந்த போன் நம்பரிலிருந்து வந்தார்கள், மெயில் பெட்டிக்குள் எப்போது நுழைந்தார்கள், எப்போது வெளியேறினார்கள், அதன் பிறகு பெட்டியில் எத்தனை மெயில் மிச்சம். பட்டறை நம்பர் 11.38க்கு நுழைந்திருந்தது. 11.46க்கு அறுந்திருந்தது. அதே 11.46க்கு இன்னொரு நம்பர் நுழைந்து, சிறிது நேரத்தில் ஒழுங்காக வெளியேறியிருந்தது. அதன் பிறகு பெட்டியில் மெயில் பூஜ்யம்.

"சார், உங்க ஐடியில இன்னொரு நம்பர்லேருந்து உள்ளே போயிருக்காங்க" என்று அந்த நம்பரை வாசித்தேன்.

அந்த நம்பரை ஒவ்வோர் எண்ணாக அவரே திருப்பிச் சொன்னார். 

"ஹவ். அது நம்ம பார்ட்னர் வீட்டு நம்பர். ஹப்சிகுடா."

"அப்ப அவர் எடுத்திருப்பார் சார்."

"பக்காவா?"

"பதிவுல அப்படித்தான் சார் இருக்கு."

முந்தைய இரண்டு தேதிகளையும் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அச்சு மாறாமல் அதே கதை. பட்டறை நம்பர் உள்ளே இருக்கும்போது ஹப்சிகுடா நம்பர் வருகிறது, போகிறது, பெட்டி காலி. மூன்று தேதிகளுக்கும் நேரத்தை நொடி வரை என் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதி ஃபேக்ஸ் செய்தேன். நோட்டில் 'புகார் முடிந்தது' என்று எழுதிக் கோடு போட்டேன். மூன்று முறை காணாமல் போனதன் காரணத்தைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தோடு அன்று மதியம் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் படியேறி எங்கள் கவுண்டருக்கு வந்தார். பூப்போட்ட படுக்கை விரிப்பில் பெரிதாக எதையோ மூட்டை கட்டி நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்திருந்தார். மூட்டையை கவுண்டரில் வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். என் கையெழுத்து.

"ஏனுங்க, இதை அனுப்புனது நீங்கதானுங்களா?"

கோயம்புத்தூர்ப் பேச்சு. ஹப்சிகுடா கூட்டாளி இவர்தான் என்று புரிந்தது. டிராயிங் பார்ப்பது, அளவு குறிப்பது, வெளிநாட்டுக்காரர்களுக்கு எழுதுவது எல்லாம் இவர் வீட்டிலிருந்தே செய்வாராம். கடைவது பட்டறையில். அதனால்தான் இரண்டு இடத்திலும் ஒரே ஐடி.

"நான்தான் சார்."

"நான் எடுக்கலீங்க. திறந்தேன், காலியா இருந்துச்சு. மூடிட்டேன். மூணு தடவையும் அப்படித்தானுங்க."

"சார், பதிவுல நீங்க உள்ளே வந்து போன பிறகுதான் காலியாகியிருக்கு. பதிவு பொய் சொல்லாது சார்."

"அப்ப நான் சொல்றனுங்களா?"

கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சந்தேகம் கேட்பது போலக் கேட்டார். பிறகு மூட்டையின் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே அவர் வீட்டுக் கம்ப்யூட்டர் பெட்டி. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"எடுத்திருந்தா இதுக்குள்ளாறதானுங்க இருக்கோணும்? பாத்துக்கோங்க."

அழித்திருந்தால் அதில் இருக்காது, அதனால் பார்த்துப் பிரயோஜனமில்லை என்று சொன்னேன். சொல்லும்போதே அது நியாயமாகவும் கொடூரமாகவும் எனக்குப் பட்டது. அவர் மறுபடி முடிச்சுப் போட்டார். ஒன்பது வருடக் கூட்டு என்றார். தான் கள்ளத்தனமாக அந்த வெளிநாட்டுப் பார்ட்டியோடு தனி வியாபாரம் பேசுவதாகக் கூட்டாளி நம்பிவிட்டார் என்றார். என்னுடைய தாளை மேஜையில் வைத்துத்தான் கேட்டாராம். பிரிந்துகொள்வதாகப் பேசி முடித்துவிட்டார்கள். பட்டறையின் பெரிய மில்லிங் மெஷின் இவர் பங்கு.

"சனிக்கிழமை பதினோரு மணிக்கு லாரி வருதுங்க. கோயமுத்தூருக்கே போயிடலாம்னு இருக்கறனுங்க. போறதுக்கு முன்னால இதை எழுதுனவங்க மூஞ்சியைப் பார்க்கோணும்னு தோணுச்சு, அவ்வளவுதானுங்க."

பார்த்துவிட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். தாளை கவுண்டரிலேயே விட்டுவிட்டார்.

நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹப்சிகுடா நம்பர்: நுழைவு 11.46.10, வெளியேற்றம் 11.46.50. நாற்பது நொடி. பட்டறைக்காரருக்கு அதே டிராயிங் எட்டு நிமிடம் ஓடியும் பாதிதான் இறங்கியிருந்தது. அன்றைய தொலைபேசி இணைப்பில் நாற்பது நொடியில் பத்து வரிக் கடிதங்கள் எத்தனை வேண்டுமானாலும் இறங்கும். ஒரு டிராயிங் இறங்கவே இறங்காது. மற்ற இரண்டு தேதிகளிலும் முப்பத்தைந்து நொடி, ஐம்பது நொடி. நொடி வரைக்கும் எழுதியது நான். கழித்துப் பார்க்காததும் நான்.

அடுத்ததாக இன்னொன்று கண்ணில் பட்டது. பட்டறை இணைப்பு அறுந்த நிமிடமும் ஹப்சிகுடா நம்பர் நுழைந்த நிமிடமும் ஒன்றே. மழையில் லைன் அறுவது சகஜம்தான். ஆனால் மூன்று தேதிகளிலும் மற்றவர் நுழைந்த அந்தக் கணத்திலேயே எப்படி அறும்?

தாளை எடுத்துக்கொண்டு சர்வர் அறைக்குப் போனேன். இன்ஜினீயர் வெளி மேஜையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சான்ஸே இல்ல மேடம். பெட்டிக்குப் பூட்டு இருக்கு. ஒருத்தர் உள்ள இருந்தா அடுத்தவர் உள்ள போகவே முடியாது. 'பெட்டி பிஸி, அப்புறம் வா'ன்னு துரத்திடும்."

"பட்டறைக்காரர் உள்ளே இருக்கும்போதுதானே ஹப்சிகுடாக்காரர் உள்ளே போயிருக்கார்? அவரை ஏன் துரத்தலை?"

மெல்வதை நிறுத்தினார். தாளை வாங்கிப் பார்த்தார். விரலில் இருந்த சட்னி தாளில் பட்டது.

"கொஞ்சம் இருங்க" என்றார்.

மதியத்துக்குள் ஒரு சோதனை மெயில் பெட்டி தயார். பெரிய கோப்பு ஒன்றை அதற்கு அனுப்பி, இரண்டு கம்ப்யூட்டர்களில் அவர் ஒன்றிலும் நான் ஒன்றிலும் உட்கார்ந்தோம். அவர் மெயிலை இறக்க ஆரம்பிப்பார், நடுவில் நான் நுழைவேன். ஒவ்வொரு முறையும் என் திரையில் 'பெட்டி பிஸி'. இருபது முறை செய்தோம். இருபது முறையும் பூட்டு வேலை செய்தது.

"பாத்தீங்களா பேப்பர் மேடம்? செய்திக்கு மறுப்பு போட்டுடுங்க."

அவருக்கு நிம்மதி. எனக்கு இல்லை. நுழையும் ஒவ்வொரு முறையும் எந்த சர்வர் கவனித்தது என்று திரையின் மேல் மூலையில் ஓர் எண் வரும். பழக்கதோஷத்தில் அதையும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். இருபது வரியிலும் அவருக்கு இரண்டு, எனக்கும் இரண்டு.

"நாலு சர்வர் இருக்கே, எப்பவும் ரெண்டாம் நம்பரே ஏன் வருது?"

"அது அப்படித்தான் மேடம். ஆபீஸ்லேருந்து எந்தக் கம்ப்யூட்டர்ல போனாலும் வெளியில ஒரே முகவரியாத்தான் தெரியும். ஒரே முகவரியை ஒரே சர்வருக்குத்தான் அனுப்பும். நாங்க டெஸ்ட் பண்ணப்பவும்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் அங்கே நின்றுவிட்டார்.

திறப்பு நாளுக்கு முன் அவரும் அவருடைய ஆட்களும் ஒரு மாதம் செய்த சோதனைகள் அத்தனையும் இந்த ஆபீஸுக்குள் உட்கார்ந்து செய்தவை. நான்கு வாசல் கட்டி, ஒரே வாசலை மட்டும் ஒரு மாதம் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். வாடிக்கையாளர்கள் யாரும் எங்கள் ஆபீஸுக்குள் உட்கார்ந்து மெயில் பார்ப்பதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வாடிக்கையாளர்களைப் போலவே தொலைபேசி வழியாக நுழைவது என்று முடிவு செய்தோம்; அப்போது ஒவ்வோர் அழைப்புக்கும் தனி முகவரி கிடைக்கும். வரவேற்பறை ஃபேக்ஸ் லைனில் ஒரு மோடத்தைச் சொருகி நான் உட்கார்ந்தேன். இன்னொரு தனி லைன் மேனேஜர் அறையில் மட்டும்தான் உண்டு. அவர் மீட்டிங் போயிருந்தார். இன்ஜினீயர் அவருடைய சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அங்கிருந்தே கத்தினார்.

"நான் மூணு. இறங்குது. நீங்க வாங்க!"

நுழைந்தேன். எனக்கும் மூன்று. பெட்டி பிஸி.

"மறுபடி. இப்ப நான் ஒண்ணு. வாங்க!"

என் மோடம் கிரீச்சிட்டு, திக்கி, ஒருவழியாகப் பேசியது. திரை மூலையில் நான்கு. இந்த முறை யாரும் என்னைத் துரத்தவில்லை. பெட்டி திறந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. 'புதிய மெயில் இல்லை' என்ற வரி மட்டும்.

மேனேஜர் அறையிலிருந்து "அய்யய்யோ" என்று ஒரு சத்தம். அவருக்கு இறங்கிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் அறுந்திருந்தது. மறுபடி நுழைந்தார். பெட்டி காலி. அவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. சேமிப்பிலும் தேடிப் பார்த்தார். எங்கும் இல்லை.

நோட்டில் 'அவர் ஒன்று, நான் நான்கு' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். இன்ஜினீயர் வரவேற்பறைக்கு வந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். ஒருவர் நுழைந்ததும் சர்வர் அவருடைய மெயில்களைப் பெட்டியிலிருந்து எடுத்து, அதே சேமிப்பில் அவர் பெயர் எழுதிய ஒரு தட்டில் பரப்பி வைக்கும். முழுதாகப் படிக்காதவற்றை அவர் வெளியேறும்போது பெட்டியில் திருப்பிப் போடும். அதற்குள் வேறொரு சர்வர் வழியாக இன்னொருவர் வந்தால், அது பெட்டியைத் திறந்து பார்க்கும், காலியாக இருக்கும். வழக்கப்படி அதே பெயருள்ள தட்டை எடுத்துத் துடைத்துச் சுத்தமாக வைக்கும். தட்டில் இருந்த டிராயிங் அதோடு போயிற்று. இதைத் தடுக்கத்தான் பூட்டு. ஆனால் பூட்டு எங்கே இருந்தது?

"பூட்டு வாசல்ல இல்ல மேடம். 'உள்ள ஆள் இருக்கு'ன்னு வாட்ச்மேன் மனசுல ஞாபகம் வெச்சுக்கறான், அதான் பூட்டு. ஒரு வாட்ச்மேன் இருந்த வரைக்கும் சரி. இப்ப நாலு வாட்ச்மேன். ஒருத்தன் மனசுல இருக்கறது இன்னொருத்தனுக்குத் தெரியாது. நான்தான் நாலு பேருக்கும் ஒரே மனசுன்னு நெனச்சுட்டேன்."

சின்ன மெயில்கள் நொடியில் இறங்கிவிடுவதால் இருவர் மோதிக்கொள்ள நேரமே இருப்பதில்லை. கால் மணி நேரம் இறங்கும் டிராயிங்குகள்தான் மாட்டின. 'முக்கியமானது மட்டும் காணாமல் போகிறது' என்று பட்டறைக்காரருக்குத் தோன்றியதன் காரணம் அதுதான். கூட்டாளி மேல் சந்தேகம் வந்ததன் காரணமும்.

அன்று மதியம் மேனேஜரிடம் போனோம். அவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். உடனே சரி செய்யச் சொன்னார். பட்டறைக்காரருக்குக் கடிதம் எழுத அனுமதி கேட்டேன்.

"சர்வீஸை மேம்படுத்தியிருக்கோம்னு எழுதுங்க. தப்புன்னு எழுதாதீங்க. ஒருத்தருக்கு எழுதினா எல்லாருக்கும் எழுதணும்."

"எல்லாருக்கும் எழுதத்தானே சார் வேணும்?"

"அதை அப்புறம் பேசலாம்."

"நாளைக்கு எனக்கு லீவு வேணும் சார்."

என்னைப் பார்த்தார். "எடுத்துக்குங்க. எங்கே போறீங்கன்னு நான் கேக்கலை" என்றார். பிறகு, "என் நாற்காலியில யார் உக்காந்ததுன்னும் கேக்கலை" என்றார்.

சனிக்கிழமை இன்ஜினீயர் தன் ஸ்கூட்டரிலேயே என்னைக் கூட்டிப்போனார். வர வேண்டியதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "வாட்ச்மேன் என் ஆளுதானே மேடம்" என்றார். சனத்நகர் தொழிற்பேட்டைக்குள் அந்தப் பட்டறையைக் கண்டுபிடிப்பதற்குள் பத்தே முக்கால் ஆகிவிட்டது. லாரி எங்களுக்கு முன்பே வந்து, பின்பக்கத்தை வாசலுக்குக் கொடுத்து நின்றிருந்தது. உள்ளே மில்லிங் மெஷினின் அடி போல்ட்டுகளைக் கழற்றிவிட்டார்கள். சங்கிலிக் கப்பியில் அது தரையிலிருந்து சில அங்குலம் உயர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. கூட்டாளிகள் இருவரும் எதிரெதிர் மூலையில் இருந்தார்கள். சனத்நகர்க்காரரை நான் அப்போதுதான் நேரில் பார்க்கிறேன். போனில் கேட்ட குரலைவிட வயதானவராக இருந்தார்.

நான் யாரென்று சொன்னதும், "இன்னும் என்ன மேடம்? அதான் ஃபேக்ஸ் அனுப்பினீங்களே" என்றார்.

"அந்த ஃபேக்ஸுக்கு முன்னால போன்ல நான் சொன்னது தப்பு சார். அவர் எடுக்கலை. யாருமே எடுக்கலை. எங்க சர்வர்தான் அழிச்சிருக்கு."

இன்ஜினீயர் விளக்க ஆரம்பித்தார். தட்டு, பூட்டு, நான்கு வாட்ச்மேன் எல்லாம் சொன்னார். சனத்நகர்க்காரர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டே கேட்டார். அவர் பார்வை பட்டறையின் ஒரு மூலைக்குப் போயிற்று. அங்கே அளவுக்கருவிகள் வைத்திருக்கும் கம்பி வலை ஜன்னல். பக்கத்தில் ஆணிகள் அடித்த பலகை. தொழிலாளி ஒருவர் அளவு பார்க்கும் கேஜ் ஒன்றை எடுத்துப் போனால், அது இருந்த ஆணியில் தன் எண் போட்ட பித்தளை வில்லையை மாட்டிவிட்டுப் போவார். அடுத்து வருபவர் வில்லையைப் பார்த்ததும் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்வார்.

"இருங்க, இருங்க. ஸ்டோர் ஒண்ணு. ஜன்னல் நாலு வெச்சீங்க. டோக்கன் பலகையும் நாலு வெச்சீங்க, ஜன்னலுக்கு ஒண்ணு. அப்படித்தானே?"

"அதேதான் சார்" என்றார் இன்ஜினீயர்.

"கைக்கு? பலகையை ஸ்டோருக்குள்ள மாட்டியிருந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குமே! இங்க புதுசா சேர்ற ஹெல்பருக்குக்கூடத் தெரியும் இது."

"இப்ப அப்படித்தான் சார் மாத்தியிருக்கேன். நேத்து சாயந்திரம்" என்றார் இன்ஜினீயர், தலை நிமிராமல்.

நான் கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தேன். நிறுவனத்தின் தாளில் எழுத அனுமதி இல்லாததால் வெள்ளைத் தாளில், என் பெயரில், என்ன நடந்தது, நான் என்ன தவறாகச் சொன்னேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். யாரிடம் கொடுப்பது என்று ஒரு கணம் தெரியவில்லை. ஹப்சிகுடாக்காரரிடம் நீட்டினேன். அவர் வாங்கி முழுவதும் படித்தார். படித்துவிட்டு கூட்டாளியிடம் நீட்டினார். அந்தப் பத்து நாளில் அவர்கள் இடையே கை மாறிய முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.

சனத்நகர்க்காரர் படித்து முடித்து, "நான் என்னப்பா பண்ணுவேன்? இவங்க பக்கான்னு சொன்னாங்க" என்றார். 

"மெயிலு போச்சுங்க. அது மெஷினு பண்ணுன தப்பு. சொன்னது இந்தம்மா பண்ணுன தப்பு. வந்து ஒத்துக்கிட்டாங்க, முடிஞ்சுது" என்றார் ஹப்சிகுடாக்காரர். "நீங்க நம்புனீங்களே, அது எந்த மெஷினுங்க?"

 சங்கிலியைப் பிடித்திருந்த இரண்டு தொழிலாளிகளும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாரி டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்து, "சேட், உடானா ஹை கி நை?" என்று, தூக்குவதா வேண்டாமா எனக் கேட்டார்.

"நக்கோ நக்கோ, இறக்கு, இறக்கு" என்று சனத்நகர்க்காரர் கையை ஆட்டினார்.

"ஏனுங்க, எம்பட மெஷினை என்னையக் கேக்காம எப்படி எறக்கச் சொல்றீங்க?"

சனத்நகர்க்காரரின் கை அந்தரத்திலேயே நின்றது. ஹப்சிகுடாக்காரர் மெஷினைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து அடியில் பார்த்தார். பிறகு சங்கிலியைத் தொழிலாளியின் கையிலிருந்து தானே வாங்கி, ஒவ்வொரு கண்ணியாக இறக்க ஆரம்பித்தார். அவசரமே இல்லை. தரையிலுள்ள போல்ட் ஓட்டைகளுக்கு நேராக வருகிறதா என்று பார்த்துப் பார்த்து இறக்கினார். ஒரு பக்கம் சற்று விலகியபோது சனத்நகர்க்காரர் ஓடி வந்து கடப்பாரையால் நெம்பிக் கொடுத்தார். மெஷின் பழைய இடத்தில் உட்கார்ந்தது.

கையைத் துடைத்துக்கொண்டே ஹப்சிகுடாக்காரர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "கோவம் தீரலீங்க. அதுக்கும் மெஷினுக்கும் சம்பந்தமில்லீங்க."

எங்களுக்கு டீ வாங்கிவரச் சொன்னார்கள். குடித்தோம். இன்ஜினீயர் அந்த டோக்கன் பலகையின் முன்னால் போய் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் பழைய நோட்டுகளை எடுத்து, 'மெயில் காணவில்லை' என்று அந்தக் கோடையிலிருந்து வந்த புகார்களையெல்லாம் மறுபடி படித்தேன். நிறைய இல்லை. ஆனால் ஒவ்வொன்றின் கீழும் 'வீட்டில் வேறு யாராவது எடுத்திருப்பார்கள்' என்று பதில் சொன்னதாக என் கையெழுத்தில் இருந்தது. ஒரு டாக்டர் தம்பதி, ஓர் அண்ணன் தம்பி, கணவர் கடையிலும் மனைவி வீட்டிலும் ஒரே ஐடியைத் திறக்கும் ஒரு குடும்பம். எல்லோருக்கும் போன் செய்து, தவறு எங்களுடையது என்று சொன்னேன். பெரும்பாலானவர்கள் எப்போதோ மறந்துவிட்டிருந்தார்கள். அந்தத் தம்பி மட்டும், "இதை என் அண்ணன்கிட்டயும் ஒரு தடவை சொல்லிடறீங்களா?" என்று கேட்டார். மேனேஜர் நான் பேசுவதைக் கேட்டும் கேட்காதது போலக் கடந்து போனார்.

இன்னும் ஒரு வாரம் கழித்து என் மேஜைக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. புதிய மெயில் ஐடி வேண்டும் என்று ஹப்சிகுடாக்காரர் கேட்டிருந்தார். முகவரி என்ற இடத்தில் சனத்நகர்ப் பட்டறையின் முகவரியையே எழுதியிருந்தார். நிறுவனத்தில் பொறுப்பு என்ற இடத்தில் 'கூட்டாளி'. கூடுதல் ஐடிக்கான காரணம் என்ற இடத்தில் மட்டும் ஒரு சின்னக் கோடு இழுத்திருந்தார். படிவத்தில் எந்த இடமும் காலியாக இருக்கக்கூடாது என்பது எங்கள் விதி. போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தக் கோட்டோடு அப்படியே அனுமதிக்கு அனுப்பினேன்.

நான் ஃபேக்ஸில் அனுப்பிய நேரங்கள் எல்லாம் சரி, நம்பர்கள் சரி, வரிசையும் சரி. 'எடுத்திருப்பார்' என்ற ஒரு சொல்லை மட்டும் போனில் நான் சேர்த்தேன், ஒன்பது வருடக் கூட்டை அது லாரி வாசல் வரை கொண்டுபோயிற்று. இன்றும் ஒருவரைப் பற்றி அப்படி ஒரு சொல் வாய்க்கு வரும்போது சற்று நிற்கிறேன், நின்ற இடத்தில் அவரிடமே கேட்க வேண்டிய ஒரு கேள்வி எப்படியும் மிச்சமிருக்கிறது.